பரம ரகசியமான பல் செட்டு

மக்களுக்கு நல்லது செய்வதென்று ஒரு சங்கம் முடிவெடுத்துவிட்டால் மக்கள் எப்படியாவது தப்பித்துக்கொள்வார்கள். மக்களின் ரகசியத்தைக் காப்பாற்றுவதென்று முடிவெடுத்துவிட்டால் தப்பிக்க வழியே கிடையாது. உத்தனப்பள்ளி கங்கப்பன் மாட்டிக்கொண்டது இந்த இரண்டாவது வகையில்.

கங்கப்பன் ராயக்கோட்டைப் பக்கம் சென்னகிருஷ்ணன் என்பவரின் தக்காளி மண்டியில் ஏலம் கூவுகிறவர். பெட்டிமேல் ஏறி நின்று அவர் விலை கூப்பிட ஆரம்பித்தால் மாலூர் வியாபாரியும் சேலத்து வியாபாரியும் டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடி வருவார்கள். தமிழில் ஆரம்பிப்பார், தெலுங்கில் ஏற்றுவார், கன்னடத்தில் முடிப்பார். முடிந்ததற்கு அடையாளமாக முன்பல் இரண்டுக்கும் நடுவில் இருந்த சந்து வழியாக ஒரு விசில் அடிப்பார். விசில் விழுந்துவிட்டால் பேரம் முடிந்தது. அப்புறம் சென்னகிருஷ்ணனின் மாமனாரே வந்து கெஞ்சினாலும் பெட்டி கைமாறாது.

அந்த வாயில் பாதிப் பற்கள் வருஷக்கணக்கில் புகையிலைக்கு இரையாகிவிட்டன. மிச்சமிருந்தவை ஆடிக்கொண்டிருந்தன. ஓசூர் பாகலூர் ரோட்டில் இருக்கும் அன்புக்கரம் மக்கள் நலச் சங்கம் இலவசப் பல் முகாம் நடத்தியபோது கங்கப்பன் போய் உட்கார்ந்தார். மிச்சத்தையும் பிடுங்கினார்கள். ஈறு ஆறியதும் மறுபடி வரச்சொல்லி, வாயில் மாவை அடைத்து அளவு எடுத்தார்கள். முன்பல் சந்தை மட்டும் மூடிவிட வேண்டாம் என்று அவர் கையாலேயே ஜாடை காட்டிக் கேட்டுக்கொண்டார். டாக்டரும் சரி என்று தலையாட்டினார். "பல் செட்டு வந்ததும் சொல்லி அனுப்புறோம்" என்றார்கள்.

பல் இல்லாத வாயோடு ஏலம் கூவிப் பார்த்தார் கங்கப்பன். சத்தத்துக்குப் பதில் காற்று வந்தது. முன்வரிசை வியாபாரிகள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். சென்னகிருஷ்ணன் நல்ல மனுஷன்தான், ஆனால் தக்காளி காத்திருக்காது.

"கங்கப்பா, யுகாதி வரைக்கும் பாக்கறேன். அதுக்குள்ளார பல்லு கட்டிகினு வந்துடு. அதுவரைக்கும் மாதப்பன் கூவட்டும். நீ வரலன்னா அவனையே வெச்சிக்குவேன், வருத்தப்படாத" என்றார். மாதப்பன் பக்கத்து மண்டிக்காரன். ஒரு பெட்டிக்கு விலை கூவி முடிப்பதற்குள் காய் பழுத்துவிடும், ஆனால் அவனுக்கு வாய் நிறையப் பல் இருந்தது.

இதற்கிடையில் அன்புக்கரம் சங்கத்துக்குப் பெங்களூரிலிருந்து ஒரு கேள்வி வந்திருந்தது. நிதி கொடுக்கும் நிறுவனம் கேட்டது: 'பயனாளிகளின் சொந்தத் தகவல்களை எப்படிப் பாதுகாக்கிறீர்கள்?' நல்ல கேள்விதான். போய்ச் சேர்ந்த இடம்தான் சரியில்லை. சங்கத்தின் தலைவர் அழகர்சாமி மதுரைப் பக்கத்திலிருந்து வந்து, சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். டிபன் கேரியருக்குள் செம்புக் கம்பியைச் சுருட்டி வைத்துப் போனவனை மோப்பத்திலேயே பிடித்தவர் என்று பெயர். பாதுகாப்பு என்றால் அவருக்கு ஒன்றுதான் தெரியும்: கேட்டைத் தாண்டி எதுவும் வெளியே போகக் கூடாது.

சங்கத்துக்கு இரும்பு கேட் வந்தது. கேட் பாஸ் வந்தது. தொழிற்சாலையில் 'விபத்தில்லா நாட்கள்' என்று பலகை வைப்பார்களே, அதேபோல 'தகவல் கசிவில்லா நாட்கள்' என்று ஒரு பலகை வந்தது. பல் செட்டுகள் வந்து சேர்ந்தபோது அவையும் தகவல் என்று தீர்மானமாகிவிட்டது. ஒருவர் வாயின் அளவைவிடச் சொந்தமான தகவல் வேறு என்ன இருக்கிறது என்று கேட்டார் அழகர்சாமி. ஆகவே பல்லெல்லாம் ஸ்டோர் ரூமுக்குப் போய்ப் பூட்டப்பட்டன. வந்துவிட்டது என்று யாருக்கும் சொல்லி அனுப்பவும் இல்லை, அதுவும் ரகசியம்.

காத்துக் காத்துப் பார்த்துவிட்டு, கங்கப்பன் மனைவி சரோஜம்மாளையும் கூட்டிக்கொண்டு ஓசூர் பஸ் ஏறினார். சானமாவு பக்கம் ரோட்டில் யானை நின்றதால் பஸ் ரொம்ப நேரம் நின்றது. யானைகூட வழிவிட்டுவிட்டது. சங்கத்து கேட்டில் நின்ற முனிவேல்தான் விடவில்லை. (கங்கப்பன் பேசுவதை இனிமேல் பல் இருப்பதுபோலவே எழுதிவிடுகிறேன். படிக்கிறவர்கள் மேல் எச்சில் தெறிக்க வேண்டாம்.)

"பேரைச் சொல்லாதீங்க" என்றான் முனிவேல்.

"இன்னும் வாயே தொறக்கலியேடா."

"சொல்ல வந்தீங்க. மூஞ்சிலயே தெரிஞ்சிது."

"டேய் முனிவேலு, நீயும் நானும் ஒரே ஊரு. உன் கல்யாணத்துல பந்தி பரிமாறினவன் நானு."

"அது ஊர்ல மாமா. இந்த கேட்டுகிட்ட நீங்க யாருன்னே எனக்குத் தெரியாது. உங்க நம்பரைச் சொல்லுங்க."

"எந்த நம்பரு?"

"உங்களுக்குப் போட்ட நம்பரு."

"எங்கிட்ட குடுக்கவே இல்லியே."

"குடுக்க மாட்டாங்க மாமா. குடுத்தா உங்களுக்குத் தெரிஞ்சிடும்ல."

சரோஜம்மாள் முனிவேலின் அம்மாவைப் பற்றித் தெலுங்கில் ஏதோ சொன்னாள். அதற்குப் பிறகு கேட் திறந்தது.

உள்ளே ஜெயமணி என்ற அம்மாள் உட்கார்ந்திருந்தார். அவரும் தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்றவர்தான். குவாலிட்டி பிரிவில் இருந்து, ஒரு நட்டு போல்ட்டைக்கூடச் சந்தேகப்படாமல் விட்டதில்லை. பேரும் ஊரும் சொல்லக் கூடாது, நம்பர் தெரியாது என்ற நிலையில் ஆளை அடையாளம் காண அவர் ஒரு முறை வைத்திருந்தார். முகாமில் கேட்ட கேள்விகளையே மறுபடி கேட்பார். அன்றைக்குச் சொன்ன பதிலையே சொன்னால் அவர்தான் இவர்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. முகாமில் கேள்வி கேட்ட நேரத்தில் கங்கப்பன் வாய் நிறைய மாவு இருந்தது. எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னவள் சரோஜம்மாள்.

"வயசு?" என்றார் ஜெயமணி.

"நாப்பத்தெட்டு."

"தப்பு. உங்களுக்கு எதைக் கண்டா பயம்?"

"பயமா? மேடம், ராவுல ராகிக் காட்டுக்குள்ளார ஆனை பூந்தப்ப ஒத்தையா பந்தம் புடிச்சிகினு நின்னவன் நானு."

"தப்பு. உங்களுக்கு ரொம்பப் புடிச்சவங்க யாரு?"

கங்கப்பன் ஓரக்கண்ணால் மனைவியைப் பார்த்துக்கொண்டார். "என் சம்சாரம்தான்" என்றார்.

"அதுவும் தப்பு."

"அப்ப சரியான பதில் என்னாங்க?"

"அது உங்க சொந்தத் தகவல். சொல்லக் கூடாது."

கதவோரம் நின்றிருந்த சரோஜம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "வயசு அம்பத்தாறு. பல்லியக் கண்டா கட்டிலு மேல ஏறிக்குவாரு. புடிச்சது எங்க எருமை. நான்தானே சொன்னேன், மறந்துடுவனா?" என்றாள்.

ஜெயமணி கோப்பைப் பார்த்தார், சரோஜம்மாளைப் பார்த்தார், எழுந்து நின்று கை கொடுத்தார். "எல்லாம் கரெக்ட். நீங்கதான் எங்க பயனாளி. இவர் யாரு, கூட வந்தவரா?"

கூட வந்தவரை வெளியே நிற்கச் சொன்னார்கள். அவர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றார். ஜெயமணி டார்ச் அடித்துச் சரோஜம்மாளின் வாய்க்குள் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகம் வாடியது.

"மேடம், டிராயிங்ல பல் ஒண்ணும் இல்லன்னு இருக்கு. உங்க வாயில எல்லாமே இருக்கு. டிராயிங்குக்கும் பீஸுக்கும் ஒத்துப்போகல. ரீவொர்க் பண்ணிட்டு வாங்க, செட்டு குடுத்துடலாம்."

"ரீவொர்க்குன்னா?"

"இந்தப் பல்லெல்லாம் எடுத்துட்டு வரணும்."

"எம் பல்லு மேல கை வெக்க வந்தவங்க யாரும் இதுவரைக்கும் முழுசா வூடு போனதில்ல" என்று சரோஜம்மாள் அமைதியாகச் சொன்னாள். ஜெயமணி டார்ச்சை அணைத்துவிட்டு, தலைவரையே பார்த்துவிடும்படி அனுப்பினார்.

அழகர்சாமி அன்பாகத்தான் பேசினார். கொடுக்காதவர்கள் எப்போதும் அன்பாகத்தான் பேசுவார்கள்.

"அய்யா, உங்களுக்குக் குடுக்கக் கூடாதுன்னா நான் உக்காந்துருக்கேன்? பாதுகாப்பா குடுக்கணும்ல. ஒரு வழி சொல்றேன் கேளுங்க. ரிட்டர்னபிள் கேட் பாஸ் போட்டுத் தாரேன். காலையில பத்து மணிக்குப் பல்லை எடுத்துக்கங்க, சாயந்தரம் அஞ்சு மணிக்குள்ள ஸ்டோர்ல ஒப்படைச்சுருங்க."

"ஏலம் விடியக்காலையிலங்க."

"அது நம்ம ஷிப்ட்டுல வராதே."

"ராத்திரிச் சோத்துக்குப் பல்லு வேணுமில்லீங்களா?"

"உங்க ஊர்ல களிதானே? களியை மெல்லுவாகளா யாராச்சும்? முழுங்க வேண்டியதுதானே" என்றார். அதில் நியாயம் இருக்கத்தான் செய்தது. கடைசியில் அந்தப் பாஸும் கிடைக்கவில்லை. பாஸில் வாங்குகிறவர் பெயரை எழுத வேண்டும், எழுதினால் பெயர் வெளியே போய்விடும் என்பது அழகர்சாமிக்கே அப்போதுதான் உறைத்தது. தன் முன்யோசனையை நினைத்து அவர் கொஞ்ச நேரம் பெருமைப்பட்டுக்கொண்டார்.

திரும்பும்போது முனிவேல் கங்கப்பனின் சட்டைப் பையைத் தடவினான், இடுப்பைத் தடவினான், செருப்பைக் கழற்றித் தட்டிப் பார்த்தான்.

"உள்ளார என்னாத்த தெரிஞ்சிக்கிட்டீங்க மாமா?"

"ஒண்ணும் தெரிஞ்சிக்கலடா."

"அப்ப போலாம்."

எனக்கு இந்த இடத்தில் கோபம் வருகிறது. சோறு போடும் வாயைப் பூட்டி வைத்துவிட்டு, பூட்டு நன்றாக இருக்கிறதா என்று ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யுகாதி நெருங்கிக்கொண்டிருந்தது. மண்டியில் மாதப்பன் கூவிக்கொண்டிருந்தான். கங்கப்பன் பெட்டி தூக்கிவைத்துக்கொண்டிருந்தார். பழைய வியாபாரிகள் அவர் முகத்தைப் பார்க்காமல் பேசினார்கள்.

யுகாதிக்கு முந்தின வாரம் சங்கம் 'ரகசியக் காப்பு விழா' நடத்தியது. பெங்களூரிலிருந்து நிதி நிறுவனத்தின் அதிகாரி பிரியதர்ஷினி வந்திருந்தார். பயனாளிகள் கட்டாயம் வர வேண்டும், ஆனால் அவர்கள் முகம் யாருக்கும் தெரியக் கூடாது. அதனால் கேட்டிலேயே ஆளுக்கொரு தலையணை உறையைக் கொடுத்துத் தலையில் மாட்டிக்கொள்ளச் சொன்னார்கள். கண்ணுக்கு இரண்டு ஓட்டை வெட்டியிருந்தது. பந்தலுக்குள் வரிசை வரிசையாகத் தலையணைகள் உட்கார்ந்து, "ஏ ராஜலட்சுமி, அப்பால நவுந்து குந்து", "சின்னம்மா, உம் பையன் வரலியா?" என்று பேசிக்கொண்டிருந்தன. சரோஜம்மாளும் பதிவான பயனாளி என்பதால் அவளுக்கும் ஒரு உறை கிடைத்தது. அவள் அதைத் தலையில் மாட்டாமல் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். நல்ல துணியாக இருந்தது.

மேடைக்குப் பக்கத்தில் ஒரு மேஜை. அதன்மேல் கண்ணாடிப் பெட்டிகளில் பல் செட்டுகள் வரிசையாகச் சிரித்துக்கொண்டிருந்தன. எவ்வளவு பத்திரமாக வைத்திருக்கிறோம் என்று பெங்களூர் அம்மாளுக்குக் காட்டுவதற்காக.

அழகர்சாமி மைக்கைப் பிடித்தார்.

"நம்ம சங்கத்துக்குள்ள ஒரு தகவல் வந்துருச்சுன்னா, அது வெளிய போன சரித்திரமே கிடையாது. சும்மா பேச்சுக்குச் சொல்லலை, ஒரு உதாரணம் சொல்றேன். பேரு சொல்ல மாட்டேன், அது நம்ம கொள்கைக்கு விரோதம். உத்தனப்பள்ளிக்காரர். தக்காளி மண்டியில ஏலம் கூவுறவரு. வாயில ஒரு பல்லு கிடையாது. நாப்பத்தெட்டும்பாரு, ஆனா ஐம்பத்தாறு. பல்லியைக் கண்டாக் கட்டில் மேல ஏறிருவாரு. பல்லு புடுங்கும்போது டாக்டர் கையைப் புடிச்சுக்கிட்டு அழுதாரு. பொண்டாட்டியைவிட எருமை மேலதான் பிரியம். இதுல ஒண்ணாவது இன்னைக்கு வரைக்கும் யாருக்காச்சும் தெரியுமா? தெரியாது. தெரியவும் விட மாட்டோம்."

பந்தலில் இருந்த அத்தனை தலையணைகளும் ஒரே ஒரு தலையணையைத் திரும்பிப் பார்த்தன.

பிரியதர்ஷினி கை தட்டினார். பிறகு, பயனாளிகளில் யாராவது இரண்டு வார்த்தை பேசலாமே என்றார்.

"பேசலாம் மேடம், ஆனா குரல்ல அடையாளம் தெரிஞ்சுரும். அதனால அவங்க சார்பா நானே பேசிடுறேன்" என்று அழகர்சாமி மைக்கை வாங்கி, குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, "அய்யா அழகர்சாமி அவர்களுக்கு எங்கள் மனமார்ந்த நன்றி" என்றார். பிறகு நிமிர்ந்து, தன் சொந்தக் குரலில், "இருக்கட்டும், இருக்கட்டும்" என்றார்.

இந்தச் சமயத்தில்தான் ஒரு தலையணை எழுந்தது. அவமானம் தாங்காமல் வெளியே போகத்தான் எழுந்தது. போகிற வழியில் மேஜை இருந்தது. மேஜையில், முன்பல் இரண்டுக்கும் நடுவில் சந்து வைத்த ஒரு செட்டு இருந்தது. கங்கப்பன் நின்றார். அந்தச் சந்தை அவர் உலகத்தில் எங்கே பார்த்தாலும் கண்டுபிடிப்பார். கை தானாக நீண்டது. பல் உறைக்கு அடியில் மறைந்தது. மேலே ஒரு தட்டு, கீழே ஒரு தட்டு, இரண்டும் பொருந்தி உட்கார்ந்தன. அவருக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

"ஒரு பெட்டி காலியா இருக்கு" என்று ஜெயமணி எழுந்தார்.

"கேட்டை மூடு" என்றார் அழகர்சாமி. கூட்டத்தைப் பார்த்தார். வரிசையாகத் தலையணைகள். உறையைக் கழற்றச் சொல்ல வாயெடுத்தார். பக்கத்தில் பிரியதர்ஷினி குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தார். வாயை மூடிக்கொண்டார். ஒவ்வொருவர் பெயராகக் கேட்கலாமா என்று யோசித்தார், அதுவும் முடியாது. தன் வாழ்க்கையிலேயே முதல்முறையாக அழகர்சாமி தன் கேட்டுக்குள் தானே மாட்டிக்கொண்டு நின்றார்.

கேட்டில் முனிவேல் எல்லோரையும் சோதித்து அனுப்பினான். சட்டைப் பை, இடுப்பு, டிபன் கேரியர், செருப்பு. தொழிற்சாலையில் சோதிக்கிற இடமெல்லாம் சோதித்தான். எந்தத் தொழிற்சாலையிலும் வாயைத் திறந்து பார்க்கும் வழக்கம் இல்லை. கங்கப்பன் முறை வந்தபோது, "யாரு?" என்று பழக்கத்தில் கேட்டுவிட்டான். கங்கப்பன் பதில் பேசாமல், பெயரைச் சொல்லாதீர் என்று எழுதியிருந்த பலகையைக் காட்டினார். முனிவேல் நாக்கைக் கடித்துக்கொண்டு கேட்டைத் திறந்துவிட்டான்.

அழகர்சாமி அன்றே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார்.

"என்ன காணாமப் போச்சு?" என்றார் எஸ்.ஐ.

"ஒரு பொருள் சார். என்னன்னு சொல்ல முடியாது."

"யாரோடது?"

"அதுவும் ரகசியம் சார்."

"யார் மேலயாவது சந்தேகம் இருக்கா?"

"சந்தேகமெல்லாம் இல்லை சார், ஆளு யாருன்னு நல்லாவே தெரியும். வெளிய சொல்லக் கூடாது."

எஸ்.ஐ. பேனாவை மூடி வைத்தார். "கண்டுபிடிச்சா உங்களுக்குச் சொல்லி அனுப்பணுமா?"

அழகர்சாமி நேர்மையாக யோசித்தார். "சொல்லாம இருக்கிறதுதான் முறை சார்" என்றார்.

யுகாதிக்கு முதல் நாள் விடிகாலையில் கங்கப்பன் பெட்டிமேல் ஏறினார். தமிழில் ஆரம்பித்தார், தெலுங்கில் ஏற்றினார், கன்னடத்தில் முடித்து விசில் அடித்தார். மாலூர் வியாபாரி டீயைக் கொட்டிக்கொண்டு ஓடி வந்தார். சென்னகிருஷ்ணன் மாதப்பன் தோளைத் தட்டி, "நீ பக்கத்து மண்டிக்கே போய்க்கப்பா" என்றார். வேலை நிலைத்தது. கங்கப்பன் அடுத்த சரக்குக்குத் திரும்பியபோதுதான் பல்லைத் தேடி வந்த அழகர்சாமி கூட்டத்துக்குள் நிற்பதைப் பார்த்தார்.

அழகர்சாமியும் அவரைப் பார்த்தார். வாயைப் பார்த்தார். முன்பல் சந்தைப் பார்த்தார். சந்தேகமே இல்லை, டிராயிங்கில் இருந்த அதே சந்து. அது எங்கள் பல் என்று சொல்ல முடியாது, கொள்கை இருக்கிறது. ஆகவே சொல்லாமல், கங்கப்பன் வாயை நோக்கி விரலை மட்டும் நீட்டினார்.

மண்டியில் விரலை நீட்டினால் ஏலம் கேட்டதாக அர்த்தம்.

"புதுசா ஒருத்தர் கேக்கறாரு" என்று கங்கப்பன் விலையை ஏற்றினார்.

"நான் கேக்கலைய்யா" என்று அழகர்சாமி விரலை ஆட்டினார். விலை இன்னொரு படி ஏறியது. இரண்டு கையையும் தூக்கி மறுத்தார். சேலத்து வியாபாரி மலைத்துப்போய் ஒதுங்கிக்கொண்டார். விசில் விழுந்தது. ஒரு மினி லாரித் தக்காளி அழகர்சாமிக்குச் சொந்தமானது.

சென்னகிருஷ்ணன் வந்து கும்பிட்டார். "வெரலு தூக்கிட்டீங்க சார். வழக்கத்த மாத்த முடியாது. பேரு சொல்லுங்க, கூவிடலாம்." புது வியாபாரி என்றால் பேர், அப்பா பேர், தெரு, போன் நம்பர் நான்கையும் உரக்கக் கூவுவது அந்த மண்டியில் வழக்கம். ஆள் ஓடிப்போய்விடக் கூடாது பாருங்கள்.

"அதெல்லாம் சொந்தத் தகவல். சொல்ல முடியாது."

"சொல்லலன்னா லாரி நவுறாது சாமி. உங்க லாரி நவுறலன்னா பின்னால நிக்கறதும் நவுறாது" என்றார் கங்கப்பன். பின்னால் நின்ற லாரிகள் ஹாரன் அடித்தன. டிரைவர்கள் மூன்று மொழியிலும் பேச ஆரம்பித்தார்கள். அழகர்சாமி கங்கப்பன் காதருகே போய் மெதுவாகச் சொன்னார். கங்கப்பன் நெஞ்சு நிறையக் காற்றை இழுத்து, எல்லாப் பல்லும் தெரியக் கூவினார்: அழகர்சாமி, தகப்பன் பேர் விருமாண்டி, பாகலூர் ரோடு, அப்புறம் நம்பர். நம்பரை இரண்டு தடவை கூவினார்.

"யாரப்பா இவரு?" என்று தாமதமாக வந்த ஒரு கன்னடக்காரர் கேட்டார். டீக்கடைக்காரரும், பெட்டி தூக்குகிற பெண்களும், லாரி கிளீனர்களும் சேர்ந்து பேர், அப்பா பேர், தெரு, நம்பர் எல்லாவற்றையும் ஒப்பித்தார்கள்.

அழகர்சாமியின் முகம் வெளுத்துவிட்டது. கங்கப்பனைத் தனியாக இழுத்தார். "என்னய்யா இது, என்னைப் பத்தி எல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சே. யாராச்சும் எதையாச்சும் பண்ணிட்டா?"

கங்கப்பனுக்கு இரக்கம் வந்தது. பந்தலில் மைக் வழியாகத் தன் வயதையும் பல்லியையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அவருக்கும் இப்படித்தான் இருந்தது.

"பயப்படாதீங்க சாமி. பழகிடும்" என்றார்.

லாரி சானமாவு தாண்டுவதற்குள் தக்காளி கசிய ஆரம்பித்தது. கீழ்ப்பெட்டியிலிருந்து சாறு வழிந்து ரோட்டில் கோடு போட்டுக்கொண்டே வந்தது. டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அழகர்சாமியின் செல்போன் அடித்தது.

"அழகர்சாமிங்களா? விருமாண்டி மகன் அழகர்சாமிதானே? பாகலூர் ரோடு?" என்றது முன்பின் தெரியாத ஒரு குரல்.

பின்னால் இன்னொரு பெட்டி சரிந்த சத்தம் கேட்டது.

"ஆமாங்க, நானேதான்" என்றார். "தக்காளி எம்புட்டு வேணும்? எடுத்துக்கங்க, ரேட்டு அப்புறம் பேசிக்கலாம். அப்படியே எம் பேரையும் நம்பரையும் உங்களுக்குத் தெரிஞ்ச எல்லாருகிட்டயும் சொல்லிவிடுங்க, புண்ணியமாப் போகும்."